பல்தசார் தேறாமல் வைத்திருந்த பாடம்

பல்தசாரைப் பற்றி எங்கள் கொய்ம்பிரா ஊரில் இரண்டு கதை ஓடுகிறது. அவன் மண்டு, இருபது வருஷத்துக்கு மேல் மாணவனாக இருந்தும் பட்டம் வாங்கத் துப்பில்லாதவன் என்பது ஒன்று. அவன் தியாகி, மாணவர் வீட்டுக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்தவன் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் தலைமுடி கறுப்பாக இருந்தபோது அந்த வீட்டுக்குச் சமைக்கப் போய், வெளுத்த பிறகு கரண்டியைக் கீழே வைத்தவள் நான். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லத்தான் தெரியும். நான் சொல்கிறபடியே இதை எழுத வேண்டும், மெருகேற்றக் கூடாது என்று எழுதுகிறவரிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வீட்டுக்குப் 'பசித்த ஆந்தைகள்' என்று பெயர். மேட்டின்மேல் பல்கலைக்கழகம். அதற்குக் கீழே செங்குத்தான சந்து. சந்தின் வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற மூன்று மாடி வீடு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துத் தாங்களே நடத்திக்கொள்வார்கள். தலைவர் கிடையாது. எதைச் செய்வதானாலும் சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் முடியாது என்றால் முடியாதுதான். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் திரைச்சீலையே இல்லாமல் கிடந்த வீடு அது.

அப்படிப்பட்டவர்கள் பணத்தை எப்படி வைத்திருப்பார்கள்? பிஸ்கட் டப்பாவில். மாதத்துக்கு ஒருத்தர் பொருளாளர். யார் போட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஒரு பிப்ரவரியில் மருத்துவம் படிக்கிற பையன் ஒருத்தன் பொருளாளராக இருந்தான். கிதாருக்குத் தந்தி, விருந்துக்கு ஒயின் என்று டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டான். மாதம் முடியும்வரை முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்தான்.

"அத்தை, இன்னைக்கு என்ன?" என்று கேட்பார்கள்.

"நேத்து குடிச்ச சூப்போட தங்கச்சி," என்பேன்.

அந்த மாதத்தில்தான் பல்தசார் வந்து சேர்ந்தான். குவார்தா பக்கத்து மலையூர். அம்மா பெர்பேதுவா ஆடு மேய்ப்பவள், அப்பா இல்லை. நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லிப் பையன். கம்ப்யூட்டர் படிக்க வந்தவன். பையில் இரண்டு சட்டையும், அம்மா செய்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஒரு வட்டும். சூப்பை முணுமுணுக்காமல் குடித்தான். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டான்:

"அத்தை, இந்த வீட்ல யார் என்ன வாங்குறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரிஞ்சா ஏன்டா இதைக் குடிச்சிக்கிட்டிருக்கோம்?"

வசந்தம் வருவதற்குள் எங்கிருந்தோ பழைய பாகங்களைப் பொறுக்கி வந்து மாடிப்படிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டான். அதற்குள் ஓடுகிற புரோகிராமையும் அவனே எழுதினான். கடைக்குப் போய் வருகிறவர் பையைக் கீழே வைக்குமுன் என்ன வாங்கினோம், எவ்வளவு என்று அதில் தட்ட வேண்டும். ரசீது ஆணியில் குத்தப்பட வேண்டும். வாடகைப் பணம் தனி, சாப்பாட்டுப் பணம் தனி, விருந்துப் பணம் தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்கப் போனால் அது விடாது. யார் கேட்டாலும் நிலவரத்தைக் காட்டும், ஒளிவுமறைவு கிடையாது.

எனக்குப் படிக்க வராதே என்று எனக்காகத் தனியாக ஒன்று செய்தான். திரையில் ஒரு பானைப் படம்.

"பானை பாதிக்கு மேல நிறைஞ்சிருந்தா கறி வாங்கலாம் அத்தை. பாதிக்குக் கீழ போனா மத்தி மீன். அடியில ஒட்டிக்கிட்டிருந்தா..."

"சூப்போட தங்கச்சி."

"ஆமா," என்று சிரித்தான். அவன் சிரித்தால் காதுகள் இரண்டும் பின்னால் போகும்.

நல்ல வேலை செய்தான். அதை நான் மறுக்கவே இல்லை. அந்த வருஷம் ஞாயிறுதோறும் கறி. ஒழுகின கூரைக்கு ஓடு மாற்றினார்கள். பணச்சண்டை நின்று, பிள்ளைகள் அரசியலுக்காக மட்டும் சண்டை போட்டார்கள். அக்கம்பக்கத்து மாணவர் வீடுகளிலிருந்து வந்து பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் ஆறு வீடுகள் சேர்ந்து ஒரு சங்கம். எண்ணெய், உருளைக்கிழங்கு, ஒயின், கேஸ் எல்லாம் மொத்தக் கொள்முதல். பல்தசாரின் புரோகிராம் ஆறு வீட்டுக்கும் கணக்குப் பார்த்தது. பொருளாளர் அவன்தான். வேறு யாரை வைப்பார்கள்?

சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. வங்கியில் கையெழுத்துப் போடுகிறவர் அந்த வருஷம் பெயர் பதிந்த மாணவராக இருக்க வேண்டும். படிப்பை முடித்துப் போனவன் கையில் பணம் போனால் பணமும் ஊரைவிட்டுப் போய்விடும் என்று பயந்து போட்ட விதி. நியாயமான விதிதான். அதுதான் அவன் காலைக் கட்டிய கயிறு.

வேறு ஊரில் பரீட்சை தேறாதவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் அவனுக்கு நாற்காலி போடுவார்கள். எத்தனை முறை பெயர் பதிந்தாய் என்பது இங்கே பட்டாளத்துப் பட்டை மாதிரி. முதல் வருஷப் பிள்ளைகள் தலை குனிவார்கள். மாணவர்கள் போடுகிற கறுப்பு மேலங்கி எவ்வளவு நைந்திருக்கிறதோ அவ்வளவு மரியாதை. பாவம், பொடியன்கள் விளையாட்டாகக் கொடுக்கிற மரியாதை அது. மற்றவர்கள் விளையாடிவிட்டுப் போய்விடுவார்கள். பல்தசார் அதற்குள் குடித்தனம் வைத்துவிட்டான்.

இல்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்ச் சந்தில் இருந்த பெண், மருந்தாளுநர் படிப்பு. வாயில் மிளகு வைத்துப் பிறந்தவள். என் அடுப்படிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருப்பாள். அவன் படிக்கடியிலிருந்து எழுந்து வர நேரமானால், "அத்தை, அந்தப் பொட்டிக்கு ஒரு பாவாடை தைச்சுப் போட்டுடுங்க. ஊர்ல பேச்சு வராம இருக்கும்," என்பாள். அவனைப் பல்தா என்று கூப்பிடுவாள். அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. படிப்பு முடிந்ததும் தெற்கே எவோரா ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. அவனுக்கும் அங்கே ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருந்தாள். அவனும் ஏறக்குறைய முடித்துவிட்டான். பாக்கி ஒரே ஒரு பாடம், எண்முறைக் கணிதமாம். கணக்கே மூச்சாக இருக்கிறவனுக்கு அந்தப் பாடம் வராதா? தேறிவிட்டால் கல்யாணம், எவோராவில் குடித்தனம். இப்படித்தான் பேச்சு.

மே மாதம் எங்கள் ஊரில் படிப்பை முடிக்கிறவர்கள் பூ வைத்த வண்டிகளில் ஊர்வலம் போவார்கள், தலையில் உயரமான தொப்பி, கையில் பிரம்பு. பெர்பேதுவா அதற்காக மூன்று ஆட்டை விற்று வெளிர்நீலத் தொப்பியும் பிரம்பும் வாங்கிக்கொண்டு முதல் பேருந்தில் வந்து இறங்கினாள். அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"இந்த வருஷம் இல்லம்மா. ஜனவரில நாட்டுல பணமே மாறப் போகுது. எஸ்குடோ போயி யூரோ வருது. ஆறு வீட்டுக் கணக்கையும் மாத்தணும். நான் பாஸ் பண்ணிட்டா கையெழுத்துப் போட முடியாது. ஒரு வருஷம்தான்."

"நீ இல்லாட்டி யூரோ வராதா?" என்றாள் அவள்.

"வரும்மா. கணக்கு குழம்பிப்போகும்."

பெர்பேதுவா தொப்பிப் பெட்டியை என் அலமாரிமேல் வைத்தாள். "தொப்பிக்கு வயசாகாது சுல்மீரா, எனக்குத்தான் ஆகும்," என்றாள். அன்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பட்டாணி உரித்தோம்.

இல்டாவும் ஒரு வருஷத்துக்குச் சம்மதித்து எவோராவுக்குத் தனியாகப் போனாள்.

ஜனவரி வந்தது. ஊரிலே கடைக்குக் கடை குழப்பம். எங்கள் ஆறு வீட்டுக்கும் ஒரு பிசிறு இல்லை. அந்த வசந்தத்தில் வீட்டின் ஆண்டு விருந்து. எங்கள் வீட்டில் ஒரு வருஷத்தை நூறு வருஷம் என்று எண்ணிக் கொண்டாடுவார்கள். பழைய ஆட்கள் நாடெங்கும் இருந்து வருவார்கள். நான் வெள்ளாட்டுக் கறியைச் சிவப்பு ஒயினில் வேகவைத்திருந்தேன். நரைத்த வக்கீல்களும் டாக்டர்களும் எழுந்து நின்று, "பல்தசாருக்கு!" என்று கோப்பையைத் தூக்கினார்கள். நான் கதவோரம் நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். பட்டினி கிடந்தவன் ரொட்டிக்கடைப் பக்கம் போன மாதிரி இருந்தது. அந்த மலையூர்ப் பையனுக்கு அதுவரை யாரும் எழுந்து நின்றதில்லை.

ஜூனில் பரீட்சை. காலை ஒன்பது மணிக்கு. அன்று மாலையே ஆறு வீட்டாரும் கூடி வருஷக் கணக்கைக் கேட்பதாக ஏற்பாடு. இல்டா விடுப்பு எடுத்து முந்தின நாளே ரயிலில் வந்து சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தாள். நான் காலையில் போனபோது பல்தசார் குளித்துச் சட்டை மாற்றிப் படிக்கடியில் உட்கார்ந்திருந்தான். முகம் சரியில்லை.

"என்னடா?"

"நாப்பது காசு இடிக்குது அத்தை."

"எது?"

"பேங்க் ஒண்ணு சொல்லுது, என் புரோகிராம் நாப்பது காசு கம்மியா சொல்லுது."

நான் ஏப்ரன் பையில் கைவிட்டு அத்தனை சில்லறையையும் மேஜைமேல் கொட்டினேன். "எடுத்துக்கோ. நாப்பதுக்கு மேலயே இருக்கும். எடுத்துக்கிட்டு பரீட்சைக்கு ஓடு."

அவன் பொறுமையாகச் சொன்னான், குழந்தைக்குச் சொல்வதுபோல: "காசு குறையல அத்தை, எங்கேயோ தப்பு இருக்கு. நீங்க போட்டா கூட்டல் சரியாகும். தப்பு உள்ளேயே உக்காந்திருக்கும்."

"உக்காந்திருக்கட்டும். மத்தியானம் வந்து அதோட காதைத் திருகு."

"சாயங்காலம் கேப்பாங்க."

"கேக்குறவங்கள்ல பாதிப் பேருக்குக் கூட்டவே தெரியாதுடா!"

அப்போது இல்டா வந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். அவள் கத்தவில்லை. அவன் தோளில் கை வைத்து, "பல்தா, எழுந்திரு. மேடு ஏறணும்," என்றாள்.

"நீ முன்னாடி போ. கிட்ட வந்துட்டேன். பத்து நிமிஷம்."

"பரீட்சை மண்டபக் கதவை எட்டே முக்காலுக்குத் திறப்பாங்க. நான் படியில நிக்கிறேன்."

"வந்துடறேன்."

"வந்துடுவியா?"

"வந்துடறேன்னு சொன்னேனே."

அவள் போனாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே அவனைத் திட்டினேன். கேட்கிற நிலையில் அவன் இல்லை. எங்கள் பல்கலைக்கழகக் கோபுரத்து மணிக்கு ஆடு என்று பெயர். அது ஒன்பது முறை கத்தியது. அவன் தலையைத் தூக்கவே இல்லை. அடுப்பில் பீன்ஸ் வெந்து, நான் உப்பு பார்த்து, இறக்கியும் வைத்துவிட்டேன். அப்போதுதான் கத்தினான்:

"பிடிச்சிட்டேன் அத்தை! பிடிச்சிட்டேன்!"

முகம் விளக்கு மாதிரி இருந்தது. பணம் மாறும்போது இருநூறு எஸ்குடோவும் கொசுறும் சேர்ந்து ஒரு யூரோ. அந்தக் கொசுறில்தான் வினை. அவன் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மாற்றி, காசுக்குக் கீழே போன துணுக்கைத் தள்ளியிருக்கிறான். வங்கிக்காரன் எஸ்குடோவிலேயே கூட்டி, மொத்தத்தை ஒரு தடவையாக மாற்றியிருக்கிறான். நூறு வரியில் தள்ளின துணுக்கெல்லாம் சேர்ந்து நாற்பது காசு. எனக்கே புரிகிற மாதிரி சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத்தான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான்.

இல்டா மேட்டிலிருந்து திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். முழுக்கக் குடித்தாள்.

"கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன்."

"எங்க இருந்துச்சு?"

அவன் சொன்னான். தயங்கித் தயங்கித் தொடங்கி, நடுவில் மறுபடி அந்த வெளிச்சம் வந்துவிட்டது முகத்தில். அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"அழகாத்தான் இருக்கு," என்றாள். "நாப்பது காசு. என் விலை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தின்னு நினைச்சிருந்தேன் பல்தா."

"செப்டம்பர்ல மறு பரீட்சை இருக்கு இல்டா. செப்டம்பர்ல கண்டிப்பா..."

"செப்டம்பர்ல உருளைக்கிழங்கு வரும். ஆறு வீட்டுக்கும் மொத்தமா. எனக்குத் தெரியாதா?"

எழுந்து என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தமிட்டாள். "சூப்புக்கு நன்றி அத்தை. எல்லா சூப்புக்கும்." அவன் சந்து முனைவரை பின்னாலேயே போனான். திரும்பி வந்தபோது தனியாக வந்தான். மாலை ஆறு வீட்டாரும் கணக்கைக் கேட்டார்கள். நாற்பது காசு கதையைச் சொன்னபோது கைதட்டி மேஜையைக் குத்தினார்கள். நான் தட்டுகளை வேண்டுமென்றே சத்தமாக அடுக்கினேன்.

இதனால்தான் சொல்கிறேன். தியாகி என்று சொல்கிறவர்கள் அன்று அந்த அடுப்படியில் இல்லை. அந்த நாற்பது காசு எங்கே ஓடிவிடும், அதற்குக் கால் முளைத்ததா? மத்தியானமும் அங்கேதான் இருந்திருக்கும். இந்த மேட்டைவிட்டு இறங்கினால் யாரோ ஒருத்தனாகிவிடுவோம் என்று அவனுக்குப் பயம். இங்கே அவன் பல்தசார். எவோராவில் அவன் இல்டாவின் புருஷன், ஒரு கம்பெனியில் கடைசி நாற்காலி. அவ்வளவு நல்ல பிள்ளைக்கு அவ்வளவு சின்னப் பயம். அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

செப்டம்பரில் உருளைக்கிழங்கு வந்தது. அவன் பரீட்சைக்குப் போகவில்லை. அடுத்த ஜூனிலும் போகவில்லை. வருஷா வருஷம் அந்த ஒற்றைப் பாடத்துக்குக் கட்டணம் கட்டிப் பெயரைப் பதிவான். ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து பிழைத்தான். யாராவது கேட்டால், "இன்னொருத்தருக்குக் கத்துக் குடுத்துட்டுப் போயிடுவேன்," என்பான்.

கற்றுக்கொள்ள ஒருத்தன் வந்தான், அமீல்கார் என்று, பொருளாதாரம் படித்தவன், பொறுமைசாலி. ஒரு வருஷம் படிக்கடியில் பல்தசார் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகினான். ஒருநாள் கேஸ் செலவை விருந்துக் கணக்கில் தட்டிவிட்டான். யாருக்கும் வரக்கூடிய தப்பு. பல்தசார் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கேஸைக் குடிச்சிக் கொண்டாடப் போறியா?" என்று கேட்டான். மேஜையே சிரித்தது. அமீல்கார் மறுநாளிலிருந்து படிக்கடிப் பக்கம் போகவில்லை.

நான் விடவில்லை. "டேய், சாவியைக் குடுக்கிற மாதிரி நீட்டுற, கையை விடமாட்டேங்குற."

"தப்புப் பண்றான் அத்தை."

"நீ பண்ணல? துணுக்குத் துணுக்கா தள்ளிட்டு நிக்கல?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கென்ன, நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தி வறுத்தேன், வந்துவிட்டான்.

பெர்பேதுவா மே மாதம்தோறும் வந்தாள். இந்த வருஷமாவது இருக்கும் என்று வருவாள். இருக்காது என்று தெரிந்ததும், "வந்ததுக்கு ஊர்வலத்தையாவது பாப்போம்," என்று என்னை இழுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போவாள். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள் வண்டிமேல் நின்று தொப்பியை ஆட்டும்போது அவளும் கைதட்டுவாள்.

"அந்தப் பையன் யாரு சுல்மீரா?"

"தெரியலையேக்கா."

"யாரா இருந்தா என்ன. அவன் அம்மா தூரத்துல நின்னிருந்தா சத்தம் பத்தாதுல்ல," என்று இன்னும் பலமாகத் தட்டுவாள்.

முழங்கால் விட்டுப்போனதும் வருவது நின்றது. ஒரு பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அலமாரிமேல் இருந்த தொப்பியை அவன் எடுத்துக்கொண்டுபோய் அவளோடேயே வைத்து அடக்கம் செய்தான் என்று அவன் ஊர்க்காரர் சொன்னார். திரும்பி வந்தவன் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் படிக்கடியில் போய் உட்கார்ந்தான். மாதக் கடைசி. நான் கஞ்சி மாதிரி சூப்பைக் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அப்புறம் வருஷங்கள் ஒன்றுபோல ஒன்று. அவன் தலையும் நரைத்தது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவன் பாதி தாத்தா, பாதி வேடிக்கை.

அப்படி வந்தவள்தான் யொலாந்தா. கடலோரம் ஃபாரோ ஊர்க்காரி, நர்ஸ் படிப்பு, நல்ல மனசு. கடைக்குப் போய்வந்து, தலையை இடித்துக்கொண்டு படிக்கடியில் நுழைந்து தட்டுவாள். "அண்ணே, இதை போன்லயே போட்டுக்கலாமே," என்றாள் ஒருநாள்.

"போடலாம். ஆறு வீட்டுக் கணக்கு அதுல நிக்காது."

அவள் வாதாடவில்லை. ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு படியிலேயே உட்கார்ந்து போனை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நான் தட்டெல்லாம் கழுவி, காப்பி போட்டு, கோப்பைகளையும் கழுவி முடித்தேன். "ஆச்சு," என்று எழுந்து வந்தாள். ரசீதைப் போட்டோ பிடித்தால் அதுவே படித்துக்கொள்கிறது. வங்கியோடு அதுவே பேசிக்கொள்கிறது. பன்னிரண்டு பேர் கையிலும் ஆறு வீட்டுக் கணக்கு. காசு கொடுத்து வாங்கினதுகூட இல்லை, சும்மாவே கிடைக்கிறதாம்.

பல்தசார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். விருந்துப் பணத்தை யார் பூட்டுவது என்று கேட்டான். காட்டினாள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் தட்டினால் என்ன ஆகும் என்று கேட்டான். அதையும் காட்டினாள்.

"காசுக்குக் கீழ வர்ற துணுக்கை எப்படித் தள்ளுது?"

"அதுவே பாத்துக்குது அண்ணே."

"எப்படி?"

"தெரியலையே. சரியா வருது, அவ்வளவுதான்."

மேஜையில் எல்லாரும் சம்மதம் சொன்னார்கள். அவன் மட்டும், "எனக்குச் சம்மதமில்லை," என்றான். ஒருவர் போதுமே. பேச்சு முடிந்தது. ஒரு வாரம் வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கொடுமை, பெரியவர் மனசு நோகக் கூடாது என்று பூனை நடை நடந்தார்கள்.

யொலாந்தாதான் அடுப்படியில் அவனிடம் கேட்டாள், கபடமில்லாமல், கேரட் கடித்துக்கொண்டே.

"அண்ணே, நீங்க என்ன படிச்சீங்க?"

"படிச்சிக்கிட்டிருக்கேன்."

"ஓ. எத்தனை பாடம் பாக்கி?"

"ஒண்ணு."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அப்புறம் கையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணுதானா? அப்ப இந்த ஜூன்லயே முடிச்சிடலாமே அண்ணே!" என்றாள்.

அந்த வார்த்தையை அவனிடம் யாரும் சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நாங்களெல்லாம் அலுத்துப்போய் விட்டுவிட்டோம். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "போன் விஷயம். எனக்கும் சம்மதம்," என்றான். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

ஜூனில் போனான். யாரும் படியில் நிற்கவில்லை. பரீட்சை வைத்த ஆசிரியர் அவனைவிடச் சின்னவர். சீக்கிரமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இருபதுக்குப் பதினாறு. தட்டுத் தடுமாறித் தேறியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். பாதிப் பாடத்தை மறந்துவிட்ட மனுஷன், நரைத்த தலையோடு போய்ப் பதினாறு வாங்குகிறான் என்றால், அந்தக் காலத்தில் எத்தனை வாங்கியிருப்பான்!

தேறிவிட்டால் அவன் மாணவன் இல்லை. மாணவன் இல்லாதவன் ஆந்தை வீட்டில் தங்க முடியாது. குவார்தாவில் ஆப்பிள் கூட்டுறவுக் கிடங்கு ஒன்றில் கணக்கு வேலை கிடைத்தது. கிளம்புகிற நாள் மூட்டை கட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தான். நான் சூப்புக்குக் கீரை அரிந்துகொண்டிருந்தேன். முக்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தான். எவோரா மருந்துக்கடை எண்ணை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறான்.

"இல்டாவா?... நான்தான். பல்தசார்... ஆமா, கொய்ம்பிரா... நல்லாயிருக்கேன். நீ?... பெரிய பொண்ணு காலேஜா? அடேயப்பா... இல்ல, ஒண்ணும் விசேஷம் இல்ல. பாஸ் பண்ணிட்டேன். அதைச் சொல்லணும்னு தோணிச்சு... பதினாறு... ஆமா... ம்... எண்முறைக் கணிதம்... ஆமா, அதுதான்... சரி. ஆளுங்க நிக்கிறாங்களா? போ, போ. பாத்துக்கோ."

போனை மடியில் வைத்தான்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"சந்தோஷப்பட்டா அத்தை. நெஜமாவே சந்தோஷப்பட்டா." முக்காலியைவிட்டு எழுந்தான். "எந்தப் பாடம்னு கேட்டா."

நான் அரிவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இன்னும் கொஞ்ச நேரத்துல சூப் ஆயிடும், குடிச்சிட்டுப் போடா," என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தை," என்று பையைத் தோளில் மாட்டினான். அன்றைக்கென்று பார்த்து நேரத்துக்குக் கிளம்பிவிட்டான்.